சாம்பியும் குண்டுகரிச்சானும்

முத்தியால்பேட்டையில் கார்குழலியின் வீட்டை ஒட்டி ஒரு பூட்டிய வீடு இருந்தது. தெருவில் அதைச் சொல்தா வீடு என்பார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்த ஒருவர் கட்டியது. பிள்ளைகள் பாரிஸ் பக்கம் குடியேறிவிட்டதால் வருஷக்கணக்காக ஆளில்லை. சாவி கார்குழலியிடம்தான். அவ்வப்போது போய்ச் சருகைக் கூட்டி, முருங்கைக்கும் கொய்யாவுக்கும் தண்ணீர் விட்டுவருவாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த சுவர் போன மழையில் பாதி சரிந்துவிட்டது. அந்தச் சரிவு வழியாகத்தான் ராஜ்கமலுக்கு உலகம் தெரிந்தது.

ராஜ்கமல் அவள் புருஷன். தட்டாஞ்சாவடியில் அட்டைப்பெட்டி செய்யும் இடத்தில் மெஷின் ஓட்டுகிறவன். மாசி மாதம் மாடியில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவப் போய் ஏணியிலிருந்து வழுக்கி விழுந்தான். இடுப்பெலும்பில் பிளேட் வைத்தார்கள். காலை ஊன்றவே கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு நாள்கூட லீவு போடாத மனுஷன். கட்டிலை ஜன்னலோரம் போட்டதிலிருந்து கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். சென்னையில் வேலை பார்க்கும் மகன் போன் செய்தால்கூட, "நல்லாருக்கேன், அம்மாகிட்ட பேசு" என்று போனை நீட்டிவிடுவான்.

சித்திரை பிறந்த பிறகு, சொல்தா வீட்டுச் சுவரில் குழாயைப் பிடுங்கிய ஓட்டைக்குள் ஒரு ஜோடி குண்டுகரிச்சான் குருவி கூடு கட்டியது. ஆண் கறுப்பும் வெள்ளையும். கறுத்த வாலைத் தூக்கி வைத்துக்கொண்டு, விடிவதற்கு முன்பே முருங்கை உச்சியில் உட்கார்ந்து பாடும். பெண் அதே உருவம்தான், கறுப்பு இருக்க வேண்டிய இடமெல்லாம் சாம்பல். ராஜ்கமல் முதன்முதலாகத் தானாகக் கூப்பிட்டது அப்போதுதான்.

"குழலி, வா வா. வாயில வேரு வெச்சிக்கினு உள்ள போவுது பாரு."

"அடுப்புல பால் இருக்குங்க."

"பால் எங்கயும் போவாது. வா."

அவள் வந்து பார்த்தாள். பறவையை அல்ல, அவன் முகத்தைத்தான்.

அவளுக்கும் ஒரு துணை இருந்தது. அவன் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், சாயங்காலம் துணி எடுத்துப்போக அவள் தனியாக வீட்டுக்கு வரும்போது, சமையலறைப் படியில் ஒரு பெட்டைப் பூனை உட்கார்ந்திருக்கும். சாம்பல் உடம்பில் கறுப்புக் கோடு. தொட விடாது. ஆனால் அவள் பேசினால் கேட்கும். மகனிடம் சொல்ல முடியாததை, அக்கா தங்கையிடம் சொல்ல முடியாததை அவள் அதனிடம் சொன்னாள். மனுஷன் நடப்பாரா, மாட்டாரா என்று ஒருநாள் கேட்டு அழவும் செய்தாள். சாம்பி என்று பெயர் வைத்தாள். அவன் வீட்டுக்கு வந்த பிறகும் மத்தித் தலையும் பால் சோறும் படியில் தவறாமல் வைத்தாள்.

கூட்டில் குஞ்சுச் சத்தம் கேட்க ஆரம்பித்ததும் ராஜ்கமல் சொன்னான். "அந்தப் பூனைய இங்க சேர்க்காத குழலி. நேத்து சுவர் மேல படுத்துக்கினு கூட்டையே பார்க்குது."

"வயிறு நெறஞ்ச பூனைங்க. அது எதுக்கு வேட்டையாடப் போவுது?"

அப்படித்தான் அவள் நம்பினாள். இருந்தாலும் அன்றிலிருந்து இரண்டு வேளை சோற்றை மூன்று வேளையாக்கினாள்.

ஒரு காலை அவள் சொல்தா வீட்டு முருங்கைக்குத் தண்ணீர் விட்டுவிட்டுத் திரும்பி, அடுப்பில் உலை வைத்திருந்தாள். ஈர மண்ணில் புழு நெளியும் நேரம். பெண் குருவி கீழே இறங்கி ஒவ்வொன்றாகக் கொத்திக்கொண்டிருந்தது. சரிந்த செங்கல்லின் நிழலில் சாம்பி வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு கிடந்ததை ராஜ்கமல் பார்த்துவிட்டான். கையைத் தட்டினான். எவர்சில்வர் டம்ளரை எடுத்து ஜன்னல் கம்பியில் அடித்தான். "ஏய்! ஏய்!" என்று கத்தினான். எழுந்திருக்கப் பார்த்தான்; இடுப்பு வலி அவனை அப்படியே சாய்த்தது.

சத்தம் கேட்டுக் கார்குழலி ஓடிவந்தபோது அவன் தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"என்னாச்சுங்க?"

"போயிட்டுது. பார்த்துக்கினே இருந்தேன், போயிட்டுது."

சமையலறைப் படியில் சாம்பி உட்கார்ந்திருந்தது. காலையில் வைத்த பால் சோறு தட்டில் பாதி அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில் சாம்பல் குருவி, கழுத்து மடங்கி, வாயில் இன்னும் ஒரு புழுவோடு. ஒரு இறகுகூடத் தின்னப்படவில்லை. கொண்டுவந்து அவளுக்காக வைத்தது போல இருந்தது.

அவள் துடைப்பத்தை எடுத்து வீசினாள். பூனை ஓடியது. குருவியைக் கையில் எடுத்தபோது சூடாகவே இருந்தது, எடையே இல்லை. முருங்கையடியில் புதைத்தாள். நான்தானே தண்ணீர் விட்டேன், நான்தானே சோறு வைத்தேன் என்று மண்ணைத் தள்ளும்போது நினைத்தாள்.

மத்தியானம் தட்டை அவன் பக்கத்தில் வைத்தாள். அவன் தொடவில்லை.

"என்ன திட்டணும்னா திட்டிடுங்க. சாப்பாட்டுல காட்டாதீங்க."

"உன்ன எதுக்குத் திட்டறேன்? ஒரு கல்லு எடுத்து வீச முடியல என்னால. அதான்." குரல் உடைந்தது. "அப்படியே கெடந்து பார்த்தேன் குழலி."

விழுந்த நாளிலிருந்து அவன் அழுது அவள் பார்த்ததில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவன் தலையைத் தன் மடிப்பக்கம் சாய்த்துக்கொண்டாள். சோறு ஆறியது. இருவரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

குஞ்சுகள் அன்றைக்கே செத்துவிடும் என்று நினைத்தார்கள். ஆனால் ஆண் குருவி பாட்டை விட்டுவிட்டு இரை தேடத் தொடங்கியது. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ஓட்டைக்கும் கொய்யாவுக்கும் பறந்துகொண்டே இருந்தது. "இப்ப வெட்டுக்கிளி", "இப்ப என்னவோ பச்சையா" என்று ராஜ்கமல் சொல்லச் சொல்ல, அவள் காய்கறி நறுக்கியபடி கேட்டுக்கொண்டாள். அரிவாள்மனையை அவன் அறைக்கே கொண்டுவந்துவிட்டாள்.

சாம்பி போகவில்லை. சுவரில் வந்து உட்கார்ந்தது. துரத்தினால் இறங்கியது, மறுபடி ஏறியது. சோற்றை நிறுத்தினால் பசியில் கூட்டையே தாக்குமோ என்று பயந்து அவள் நிறுத்தவும் இல்லை. பிள்ளைச்சாவடியிலிருந்து மீன் கொண்டுவரும் அன்னக்கிளியிடம் புலம்பினாள்.

"எங்க பக்கம் மேனகான்னு ஒரு பொண்ணு வரும்மா," என்றாள் அன்னக்கிளி. "தெருப் பூனையெல்லாம் புடிச்சிக்கினு போயி குட்டி போடாதபடிக்கு ஆபரேசன் பண்ணிட்டு, புண்ணு ஆறுனதும் கொண்டாந்து வுடுது. நம்பர் தரேன், பேசிப்பாரு."

மேனகா ஸ்கூட்டரில் கம்பிக் கூண்டைக் கட்டிக்கொண்டு வந்தாள். கார்குழலி சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டாள்.

"சோறு போட்டா குருவிய புடிக்காதுன்னு எல்லாரும் அப்படித்தான் நெனைக்கறாங்கக்கா. பசி வேற, வேட்டை வேற. அசையறத பார்த்தா அதால சும்மா இருக்க முடியாது. அது மேலயும் தப்பில்ல."

"அப்ப யாரு மேல தப்பு?"

"தப்புன்னு இல்லக்கா. நாம இல்லன்னா இத்தன பூனை இங்க வந்திருக்காது. அவ்ளோதான்."

மேனகா வைத்த கூண்டுக்குள் சாம்பி போகவில்லை. தூர நின்று மோப்பம் பிடித்துவிட்டுத் திரும்பியது. கடைசியில் கார்குழலியே தன் தட்டில் மத்தியைப் பிசைந்து, கூண்டின் உள்ளே கையை விட்டு வைத்தாள். "வா சாம்பி" என்றாள். வழக்கமான குரலில் சொல்லத்தான் பார்த்தாள். பூனை வந்தது. பின்னால் கதவு விழுந்ததும் கூண்டு முழுவதும் உடம்பை மோதிவிட்டு, ஒரு மூலையில் ஒடுங்கி அவளைப் பார்த்தது. அவள் தன் பழைய புடவையை மடித்துக் கூண்டின் மேல் போர்த்தினாள். மேனகாவின் ஸ்கூட்டர் திருப்பத்தில் மறைந்த பிறகும் வாசலிலேயே நின்றாள்.

பூனை இல்லாத அந்த நாட்களில்தான் குஞ்சுகள் கூட்டைவிட்டு வெளிவந்தன. மூன்று. முதல் இரண்டும் தத்தித் தத்திக் கொய்யாவில் ஏறிக்கொண்டன. மூன்றாவது நேராகத் தரையில் விழுந்தது. முருங்கை உச்சியில் ஒரு காக்கை தலையைச் சாய்த்துப் பார்த்தது.

"குழலி! சாவிய எடு! ஓடு!"

அவள் செருப்புப் போடாமல் ஓடினாள். சொல்தா வீட்டு முற்றம் நிறையச் சருகு. எங்கே பார்த்தாலும் ஒரே நிறம்.

"எங்கங்க?"

"துவைக்கிற கல்லுக்கு எடது பக்கம். எடது பக்கம்டி, அது வலது!"

"காணோமே!"

"இன்னும் கொஞ்சம்… நில்லு. காலு வைக்காத. உன் பாதத்துக்கு முன்னாடியே இருக்குது பாரு."

இருந்தது. வாலே முளைக்காத, மார்பெல்லாம் புள்ளி போட்ட ஒரு சின்ன உருண்டை, வாயைப் பிளந்து அவளைப் பார்த்தது. அவள் இரு கையாலும் அள்ளினாள். தகப்பன் குருவி தலைக்கு மேலே கிறீச்சிட்டுக்கொண்டு சுற்றியது. முருங்கைக் கிளை எட்டவில்லை. கொய்யாவின் அடர்ந்த கொம்பில் வைத்துவிட்டுப் பின்வாங்கினாள்.

"கெட்டியா புடிச்சிக்கிச்சா?" ஜன்னலிலிருந்து அவன் கேட்டான்.

"புடிச்சிக்கிச்சிங்க."

"இப்பிடி வந்துடு. நீ நின்னா அவன் கிட்ட வரமாட்டான்."

அவள் சரிந்த சுவரையே தாண்டி ஜன்னலடிக்கு வந்து நின்றாள். கம்பிக்கு உள்ளே அவன், வெளியே அவள். தகப்பன் குருவி வாயில் இரையோடு கொய்யாவுக்குள் நுழைந்ததை இருவரும் சேர்ந்து பார்த்தார்கள். அவன் விரல்கள் கம்பி வழியே வந்து அவள் தலையில் ஒட்டியிருந்த சருகை எடுத்தன.

மறுநாள் இரண்டு குஞ்சுகள்தான் கண்ணில் பட்டன. மூன்றாவதைக் காக்கை கொண்டுபோனதா, வேறு பூனையா, தூரமாய்ப் போய்விட்டதா, தெரியவில்லை. தெருவில் பூனைக்குப் பஞ்சமில்லை.

மேனகா சாம்பியைக் கொண்டுவந்தபோது ஆபரேசன் ஆனதற்கு அடையாளமாக அதன் இடது காது நுனி கத்தரிக்கப்பட்டிருந்தது. கூண்டை நடையில் வைத்துவிட்டு, "தொறந்து வுடலாமாக்கா?" என்றாள்.

கார்குழலி கூண்டின் முன் குந்தினாள். குஞ்சுகள் இன்னும் சரியாகப் பறக்கவில்லை. வேண்டாம் என்று சொன்னால் இது எங்கே போகும்? வேண்டும் என்று எப்படிச் சொல்வது, உள்ளே படுத்திருக்கிறவர் காதில் விழும்படி?

"கதவ சாத்திட்டுத் தொறக்கச் சொல்லு," என்று உள்ளிருந்து ராஜ்கமலின் குரல் வந்தது.

"என்னாங்க சொல்றீங்க?"

"வெளிய வுட்டா திரும்பவும் அதத்தான் பண்ணும். உள்ளயே கெடக்கட்டும். நானும்தான் கெடக்கறேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "கூட வேலை செய்யறவன்கிட்ட போன்ல சொல்லிட்டேன். ஜன்னலுக்கெல்லாம் கொசுவலைக் கம்பி அடிக்க ஞாயித்துக்கிழமை வரேன்னான்" என்றான்.

மேனகா சிரித்துக்கொண்டே அட்டைப்பெட்டியில் மணல் கொட்டி வைக்கும் விதத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாள். கார்குழலி நினைத்தது போலச் சுலபமாக இல்லை. சாம்பி கதவைப் பிறாண்டியது, கட்டிலுக்கடியில் ஒளிந்தது, விடாமல் ஓலமிட்டது. கார்குழலியின் புறங்கையைக் கீறியது. இரண்டு முறை கதவைத் திறந்துவிடப் போனவளை ராஜ்கமல்தான் தடுத்தான். "கொஞ்சம் பொறு. எனக்கும் மொதல்ல அப்பிடித்தான் இருந்திச்சி."

வைகாசி பாதியில் ஒரு விடியற்காலை, காப்பியோடு அவள் அறைக்குள் போனாள். சாம்பி ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து, புதுக் கம்பிவலைக்கு அப்பால் முருங்கையையே பார்த்துக்கொண்டிருந்தது. தாடை நடுங்க, பல்லால் கிடுகிடுவென்று ஒரு சத்தம். ஆண் குண்டுகரிச்சான் மறுபடி பாட ஆரம்பித்திருந்தது. ராஜ்கமல் தலையணையில் சாய்ந்து, ஒரு கையைப் பூனையின் முதுகில் வைத்திருந்தான்.

"ஷ்," என்றான். "சத்தம் போடாம உக்காரு."

அவள் காப்பியை நீட்டிவிட்டுக் கட்டிலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.