எச்சில் படாத தட்டுகள்

கூழானாலும் குளித்துக் குடி என்பார்கள். கூழே இல்லாத நாளில் குளித்துவிட்டு என்ன செய்வது என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. எங்கள் அம்மா அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள். சாப்பிட்டோமோ இல்லையோ, பொழுது சாய்ந்ததும் அம்மா, நான், என் தங்கை சின்னவள் என்று எங்கள் மூன்று பேர் தட்டுகளையும் பொதுக்குழாயடிக்குக் கொண்டுபோய்த் தேய்த்துக் கழுவ வேண்டும். நார் தேய்கிற சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்க வேண்டும். அது என் வேலை.

அம்மா பொத்தான் தைத்துக்கொண்டிருந்த ஆடைத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அப்பா உயிரோடு இல்லை. பெரியப்பாவுக்குப் பிள்ளை இல்லை, ஆனால் கடை இருந்தது. பிள்ளைகளைப் பட்டினி போடுவதாகக் காதில் விழுந்தால் மறுநாளே சின்னவளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார். கெட்டவர் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. கெட்டவரோடு சண்டை போடலாம்.

ஒருநாள் நான் தட்டுகளைக் கழுவிக் கொண்டுவந்து வீட்டில் கவிழ்க்கும்போது பெரியப்பா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். என்ன சாப்பிட்டாய் என்று சின்னவளை மடியில் இழுத்துக் கேட்டார். அவள் நாங்கள் பழக்கியிருந்தபடி, "நிறைய" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. நாலு வயதுக்கு நல்ல கெட்டிக்காரி.

பேருந்தில் அலைந்து வந்ததில் பசிக்கிறது, மிச்சம் இருந்தால் போடு என்றார் பெரியப்பா. தீர்ந்துவிட்டது என்றாள் அம்மா. அவர் எழுந்துபோய் மண்ணெண்ணெய் அடுப்பின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"அடுப்பு சில்லுனு இருக்கே. எதுல ஆக்கினே?"

சின்னவள் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது அடுத்த அறை இஸ்திரிக்கார அக்கா வாசலில் வந்து நின்றாள். எங்களுக்கும் அவளுக்கும் நடுவில் இருந்தது ஒரு பலகைத் தடுப்புதான். கையில் மூடி போட்ட பாத்திரம்.

"மண்ணெண்ணெய் தீந்துடுச்சுன்னு என் அடுப்புல ஆக்கிட்டு, மிச்சத்தை அங்கேயே விட்டுட்டீங்களேக்கா. ஆறிடப் போவுது."

அம்மா கண் இமைக்கவில்லை. "மறந்தே போச்சு பாரு" என்று வாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் ஒத்திகை பார்த்த மாதிரி இருந்தது. நாடகக்காரிகள் தோற்றார்கள்.

பெரியப்பா கொஞ்சமாகச் சாப்பிட்டார். கை கழுவும்போது, "நான்தான் தப்பா நெனச்சிட்டேன் போல" என்று முனகினார். சின்னவளின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். சின்னவள் வீட்டிலேயே இருந்தாள்.

அவர் தெருமுனை திரும்பும்வரை நாங்கள் அசையவில்லை. அப்புறம் மீதிச் சோற்றை மூன்று பேரும் தட்டில் போட்டு, பாத்திரத்தையும் வழித்துச் சாப்பிட்டோம். எவ்வளவு நாள் கழித்து என் கையில் எண்ணெய்ப் பிசுக்கு! மறுபடி குழாயடிக்கு ஓடினேன். இந்த முறை பொய் இல்லை.

இஸ்திரிக்கார அக்காவும் தன் தட்டுகளோடு வந்தாள். எங்கள் வீட்டு விஷயம் எப்படித் தெரியும் என்று மெல்லக் கேட்டேன்.

"நீ தட்டு கழுவின எடத்துக்கு ஒரு எறும்பாவது வந்துச்சா?" என்றாள். "நானும் ஒரு காலத்துல இப்படிக் கழுவினவதாண்டி."

சொல்லிக்கொண்டே அவள் தட்டில் தண்ணீர் ஊற்றினாள். என் தட்டுத் தண்ணீர் கலங்கி ஓடியது. அவளுடையது ஊற்றியபடியே தெளிவாக ஓடியது. இரண்டு தட்டு, அவளுக்கும் அவள் வீட்டுக்காரருக்கும். பாத்திரத்தில் வந்தது யாருடைய சோறு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்தது. ஆனால் தலையைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. நாரை எடுத்து, வயிறு நிறையச் சாப்பிட்டவள் மாதிரி அழுத்தித் தேய்த்தாள்.

நானும் அவள் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து ஓங்கித் தேய்த்தேன். இரண்டு வீட்டிலும் சாப்பிட்டாயிற்று என்று தெருவுக்கே கேட்டிருக்கும்.