சின்னராசுவின் முதல் ரிட்டர்ன்

சின்னராசு தன் காகிதங்களைக் கொண்டுவந்து கொடுத்தது ஜூன் பதினோராம் தேதி. சுகிர்தாவுக்கு அந்தத் தேதி மறக்காது. பின்னால் அதைக் கோர்ட்டில் கூண்டேறிச் சொல்ல வேண்டிவந்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பம்பு கம்பெனியின் கணக்குப் பிரிவில் அவளுக்குப் பதினாறு வருஷ வேலை. வருமான வரி ரிட்டர்ன் போடும் மாதங்களில், வேலை முடிந்து வந்ததும் முன்னறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு தெரிந்தவர்களுக்கெல்லாம் போட்டுக் கொடுப்பாள். பெரும்பாலும் சம்பளக்காரர்கள். கம்பெனி தரும் ஃபார்ம் பதினாறைப் பார்த்து நிரப்பினால் இருபது நிமிஷத்தில் ஆயிற்று.

சின்னராசு விஷயம் அப்படியில்லை. எளாவூர்க்காரன், யார் யாரிடமோ பத்து வருஷம் வெல்டராக இருந்துவிட்டு, சொந்தமாகக் காண்ட்ராக்ட் எடுத்து அப்போதுதான் ஒரு வருஷம் முடிந்திருந்தது. பில்கள், வெல்டிங் ராடு வாங்கிய ரசீதுகள், ஆட்களுக்குக் கூலி எழுதிய நோட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட் என்று ஒரு ஜவுளிக்கடைப் பை நிறையக் கொண்டுவந்திருந்தான்.

"மொதல் தபா போடறேன்க்கா. கரெக்டா போட்டுடுங்க. நாளைக்கு எதுக்குப் போனாலும் இதைத்தான் கேக்கறாங்களாம்."

"வெச்சுட்டுப் போ ராசு. அடுத்த வாரம் முடிச்சுடறேன்."

அவன் போனபின் பைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். ரசீதுகளில் பாதிக்குத் தேதி மங்கியிருந்தது. இதற்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை வேண்டும் என்று நினைத்துப் பையைப் பீரோ மேல் வைத்தாள். ஒரு ஞாயிறு சர்ச் முடிந்து வந்து சுலபமானதாக நாலு பேருக்குப் போட்டாள். இன்னொரு ஞாயிறு சோழவரத்தில் ஒரு கல்யாணம். அவன் இரண்டு தடவை போன் செய்தான். இரண்டு தடவையும் "ஆயிட்டே இருக்கு" என்றாள்.

ஜூலை முப்பத்தொன்று கடைசி நாள். அன்று வருமான வரி வெப்சைட் மெதுவாகத்தான் ஓடியது; ஆனாலும் பதினோரு பேருக்குப் போட்டு முடித்தாள். பீரோ மேல் இருந்த பையை இறக்கவேயில்லை.

மறுநாள் காலையில் அவனே கூப்பிட்டான். "இன்னாக்கா, சைட்டு ஒர்க் ஆவலியாமே? டீக்கடையில பேசிக்கினு இருந்தாங்க. நம்பளுதும் நின்னுபூட்ச்சா?"

"ஆமா ராசு," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு, "டிசம்பர் வரைக்கும் போடலாம். லேட் ஃபீஸ் வரும், அதை நான் கட்டிடறேன்," என்று சேர்த்துக்கொண்டாள்.

"ஐய, சைட்டு நின்னா நீங்க இன்னா பண்ணுவீங்க? நானே கட்டிக்கிறேன்."

ஆகஸ்ட் இருபத்திரண்டு காலையில், எளாவூர் செக்போஸ்ட் தாண்டிப் பைக்கில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன் மீது, சிக்னல் போடாமல் திரும்பிய லாரி ஏறிவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை. வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்த ஞாயிற்றுக்கிழமை சுகிர்தா அந்தப் பையை இறக்கித் தரையில் கொட்டினாள். ரசீதுகளை மாதவாரியாக அடுக்கி, நோட்டோடு ஒத்துப்பார்த்து, ரிட்டர்னைப் போட்டு, தாமதக் கட்டணத்தையும் தானே கட்டினாள். எல்லாம் நாலு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. முடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவளுக்கு எழுந்திருக்கவே தோன்றவில்லை. நாலு மணி நேரம் என்றால் ஜூனிலேயே எத்தனை நாலு மணி நேரம் இருந்தது.

நஷ்டஈட்டு வழக்குக்காக சின்னராசுவின் மனைவி ஈஸ்வரி அவளையும் வக்கீலிடம் கூட்டிப்போனாள். வக்கீல் ரிட்டர்ன் நகலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது விபத்துக்கு அப்புறம் போட்டதும்மா. கேஸுக்காக வருமானத்தை ஏத்திக் காட்டிட்டாங்கன்னு இன்சூரன்ஸ்காரன் சொல்லுவான். ஜூலையிலயே போட்டிருந்தா ஒரு கேள்வி வந்திருக்காது."

"சைட்டு நின்னுபூட்ச்சு சார்," என்றாள் ஈஸ்வரி, சுகிர்தாவுக்குப் பரிந்துகொண்டு. சுகிர்தா நகலை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தாள்.

ஒன்றரை வருஷம் கழித்து திருவள்ளூர் கோர்ட்டில் அவளைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். காகிதங்கள் எல்லாம் விபத்துக்கு முன்பே அவளிடம் வந்துவிட்டன என்று சொல்வதற்காக. சொன்னாள். இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் எழுந்தார்.

"ஜூன் மாதமே வந்திருந்தால் ஏன் தாக்கல் செய்யவில்லை? அப்படி ஒரு வருமானமே இல்லை என்பதுதானே காரணம்?"

முன்வரிசையில் ஈஸ்வரி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் முழுக்கைச் சட்டையின் வலது கையை மடித்து ஊக்குக் குத்திக்கொண்டு சின்னராசு. சைட் நின்றுவிட்டது என்று சொன்னால் போதும், தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அன்று அவள் போட்ட பதினோரு ரிட்டர்னும் தேதியோடு பதிவாகி இருக்கின்றன. அதைவிட, பொய் பிடிபட்டால் அது அவன் பெயரில் ஒட்டிக்கொள்ளும்.

"வருமானம் இருந்தது. நான்தான் போடலை," என்றாள். "அவரோடது கஷ்டமான ஃபைல். சுலபமானதை எல்லாம் முடிச்சுட்டு இதைத் தள்ளி வெச்சேன். கடைசி நாள்கூடப் பையைத் தொடலை. தப்பு என்னோடது."

வெளியே வந்து பெரியபாளையம் வழி போகும் பஸ்ஸுக்கு மூவரும் நின்றார்கள்.

"சைட்டு நின்னுபூட்ச்சுன்னு சொன்னீங்களேக்கா," என்றாள் ஈஸ்வரி. குரலில் கோபம் இல்லை. புரியாததைக் கேட்கும் குரல்.

"ராசு கேட்டான். நான் ஆமான்னுட்டேன்."

"உடு ஈஸ்வரி," என்றான் சின்னராசு. "பஸ் வந்துகினு கீது பாரு."

தீர்ப்பில் அவளுடைய சாட்சியத்தை நம்பினார்கள். காகிதங்களைப் பார்த்து வருமானத்தையும் ஒப்புக்கொண்டார்கள், ஆனால் ரிட்டர்னில் காட்டியதில் பாதிக்குச் சற்று மேலாக மட்டும். அதை வைத்துத்தான் நஷ்டஈடு கணக்கானது. மேல்முறையீடு போகலாமா என்று வக்கீல் கேட்டார். இதுவே இழுத்தது போதும் என்று சின்னராசு சொல்லிவிட்டான்.

அந்தப் பணத்தில் இரண்டு வெல்டர்களை வைத்துக்கொண்டு மறுபடியும் காண்ட்ராக்ட் எடுக்கிறான். இடது கையால் கையெழுத்துப் போடப் பழகிவிட்டான். பம்பு கம்பெனியிலேயே ஒரு ஷெட் வேலை கிடைத்தது. அதற்கான பில்லை நீட்டிக்கொண்டு ஒருநாள் சுகிர்தாவின் மேஜை முன் வந்து நின்றான். அப்போது ஜூலை முதல் வாரம்.

"இந்த வருஷ ரிட்டர்ன்..." என்று ஆரம்பித்தாள்.

"பொன்னேரியில ஒரு ஆடிட்டர்கிட்ட குடுத்தேன்க்கா. போன மாசமே போட்டுட்டாரு." குத்திக்காட்டும் தொனி துளியும் இல்லை. "ஈஸ்வரிதான் அங்க குடுக்கலாம்னுச்சு."

"நல்லது ராசு," என்றாள் சுகிர்தா. பில்லை வாங்கி, அவன் கண் முன்னாலேயே சரிபார்த்து, சீல் போட்டுக் கொடுத்தாள். அவன் அதை மடிக்கத் தடுமாறினான். அவள் கை நீட்டுவதற்குள், மேஜை விளிம்பில் வைத்து அழுத்தித் தானே மடித்துக்கொண்டு போய்விட்டான்.