முன்னே வந்து நன்றி சொல்லுங்கள்

"கட்டில் கம்பியப் பிடிச்சுக்குங்க, விட்டுடாதீங்க" என்று அகாத்தா மூச்சிரைக்கச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கொர்னேயின் கனத்த உடம்பு அவள் பிடியிலிருந்து நழுவியது. இரண்டு பேரும் சேர்ந்து தரையில் விழுந்தார்கள். பக்கவாதம் வந்து இரண்டு மாதமாகப் படுத்துக் கிடக்கும் கணவரைப் புரட்டிப் படுக்க வைக்கப் போனதன் பலன் இது. அவர் நூறு கிலோவுக்குக் குறையாத ஆள். அவளோ இடுப்புவலிக்காரி.

அந்த நேரம் பார்த்துத்தான் கதவு தட்டும் சத்தம் கேட்டது. அகாத்தா எழுந்து தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, கதவைப் பாதி மட்டும் திறந்தாள். சபையில் பெண்கள் ஊழியத்தையெல்லாம் கவனிக்கும் எல்ஸா பனிச்சேறு ஒட்டிய பூட்ஸோடு நின்றாள்.

"ஸ்தோத்திரம் அக்கா! அண்ணன் எப்படி இருக்காரு?"

"ஆண்டவர் கிருபையால ஒரு குறையும் இல்ல. இப்பத்தான் படுத்தாரு."

படுத்த இடம் தரை என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை.

"உங்க வீட்டுக்கு என்னக்கா குறை, ஆண்டவரே நேர்ல வந்து பாத்துக்குவாரு! அறுப்புப் பண்டிகைக்கு உங்க கையால நாலு தட்டு பன் வேணும். மாட்டேன்னு சொல்லிடாதீங்க."

"அதுக்கென்ன, சுட்டுத் தரேன்."

எல்ஸா சந்தோஷமாகப் போனாள். கேட்பதற்கு அவளுக்கு ஒரு கூச்சமும் இல்லை. பண்டிகைக்குக் கேட்பது ஊழியம், தனக்குக் கேட்பதுதான் வெட்கம் என்று எங்கள் சபையில் பால்குடி மறக்கும்போதே கற்றுக்கொடுத்துவிடுகிறோம்.

கிர்கிஸ் நாட்டு மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் சபையில் ஜெர்மானியர் பாதிப்பேர் ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது சில கிழடுகட்டைகள், சில ரஷ்யர்கள், பின்னால் வந்து சேர்ந்த கிர்கிஸ் குடும்பங்கள். இருபது வருஷம் உதவிக்காரராக இருந்து உதவிப் பொருள்களைப் பங்கிட்டவர் கொர்னேய்தான். உதவி வாங்கியவர் அடுத்த ஞாயிறு முன்னால் வந்து, இன்னது வாங்கினேன் என்று சபைக்கு நன்றிசாட்சி சொல்ல வேண்டும் என்ற வழக்கத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. "மறைவுல வாங்கினா மனுஷனுக்குப் பழகிப்போகும். வெளிச்சத்துல வாங்கினா ஆண்டவருக்கு மகிமை" என்பார். அவர் நினைத்தபடியே உதவி கேட்டு வருகிறவர்கள் குறைந்தார்கள். எங்கள் சபையில் ஏழ்மை ஒழிந்துவிட்டது என்று அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டார், நாங்களும் தலையாட்டினோம்.

ஒருமுறை காற்றில் கூரையைப் பறிகொடுத்த கிர்கிஸ்காரன் எசென் நாலு தகரத்தை வாங்கிக்கொண்டு, தொப்பியைக் கையில் கசக்கியபடி முன்னால் நின்றான். அவன் மனைவி கடைசி பெஞ்சில் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். "சத்தமாச் சொல்லு தம்பி, பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல" என்றார் கொர்னேய். அதற்கப்புறம் எசெனின் மாடு செத்தபோதுகூட அவன் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

பக்கவாதம் கொர்னேயின் பேச்சை எல்லாம் எடுத்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தையை விட்டுவைத்தது. அது "வேண்டாம்."

"நாலு ஆளக் கூப்பிடட்டுமா?" என்பாள் அகாத்தா.

"வேண்டாம்."

"முதுகு அழுகுது, தெரியுதா?"

"வேண்டாம்."

செவ்வாய்க்கிழமை வந்த நர்சு புண்ணைப் பார்த்துவிட்டு அகாத்தாவை அடுக்களைக்குள் இழுத்துப்போனாள். "இது எலும்புக்குப் போகுது. தினமும் தூக்கிக் குளிப்பாட்டணும், புரட்டிப் போடணும். உன் ஒருத்தியால ஆகாது. மானம் பெரிசுன்னா இப்பவே சவப்பெட்டிக்குச் சொல்லி வை" என்றாள். அகாத்தாவுக்குக் கோபம் வந்தது. நர்சின் மேல் அல்ல.

புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் எல்லாரும் அவரவர் விண்ணப்பத்தைச் சொன்னார்கள். அடுப்புக்கு நிலக்கரி இல்லாதவர் விசுவாசம் பெருக ஜெபிக்கச் சொன்னார். குடிகார மகனிடம் அடி வாங்கும் தாய் பொறுமைக்காக ஜெபிக்கச் சொன்னாள். அகாத்தா எழுந்தாள்.

"எங்க வீட்டுக்காரர என்னால தூக்க முடியல. முதுகெல்லாம் புண்ணாயிடுச்சு. தூக்க ஆள் வேணும்."

மூப்பர் வில்லி கனிவாகச் சிரித்தார். "ஆண்டவர் உங்களுக்குப் பலம் தரணும்னு ஜெபிப்போம், சகோதரி."

"ஆண்டவருக்குத் தெரியும் அண்ணே. நான் அவரக் கேக்கல, இங்க உக்காந்திருக்கிறவங்களக் கேக்கறேன்."

எல்லாருக்கும் திடீரென்று வேதத்தில் வாசிக்க ஏதோ கிடைத்துவிட்டது. பக்கங்களைப் புரட்டினார்கள்.

"எசென் தம்பி, நீ வருவியா?"

கடைசி பெஞ்சில் இருந்த எசென் திரும்பிப் பின்னால் பார்த்தான். பின்னால் இருந்தது சுவர்.

"நானாக்கா?"

"நீதான்."

மறுநாள் அவன் தன் மச்சானோடு வந்தான். போர்வையைக் கொர்னேயின் உடம்புக்கு அடியில் கொடுத்து, இரண்டு பேருமாக ஒரே தூக்கில் குளியல் தொட்டிக்குக் கொண்டுபோனார்கள். "வேண்டாம், வேண்டாம்" என்று கொர்னேய் முனகிக்கொண்டே வந்தார்.

"சத்தமாச் சொல்லுங்கண்ணே, கேக்கல" என்றான் எசென், வெந்நீரை அளவு பார்த்தபடி.

கொர்னேய் வாயை மூடிக்கொண்டார். நினைவிருந்தது போலும். எசென் புண்ணைச் சுற்றிக் குழந்தையைத் துடைப்பது போலத் துடைத்தான். துடைத்து முடிக்கும்போது கிழவரின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அதையும் அதே துணியால் துடைத்துவிட்டான். அகாத்தா அடுக்களைக்குள் போய் வாய்விட்டு அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை மூப்பர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இந்த வாரம் உதவி பெற்றவங்க முன்னால வந்து நன்றி சொல்லுங்க" என்றார். எல்லாத் தலைகளும் அகாத்தா பக்கம் திரும்பின. அவள் அசையவில்லை. அசைந்தது எசென்தான். தொப்பியை பெஞ்சிலேயே வைத்துவிட்டு முன்னால் வந்தான்.

"நான் இந்தச் சபைக்கு வந்து பதினோரு வருஷம் ஆச்சு" என்றான் சத்தமாக. "மாவு குடுத்தீங்க, தகரம் குடுத்தீங்க. ஒருநாளும் யாரும் என்கிட்ட ஒண்ணும் கேட்டதில்ல. இந்த வாரம் அகாத்தா அக்கா கேட்டாங்க. அதுக்கு நன்றி."

இதற்கு ஆமென் சொல்லலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. மூப்பர் செருமினார்.

"சந்தோஷம் தம்பி. ஆனா உதவி வாங்கினது சகோதரி அகாத்தா. அவங்க வந்து..."

"சாயங்காலம் மறுபடி தூக்கணும்" என்றாள் அகாத்தா, உட்கார்ந்த இடத்திலிருந்தே. "எசென் தம்பிக்கு வேலை இருக்கு. யாரு வர்றீங்க?"

மூப்பருக்கு இப்படிப்பட்ட சாட்சிக்கு என்ன செய்வது என்று எந்தச் சபை ஒழுங்கிலும் சொல்லியிருக்கவில்லை. அவசரமாக ஒரு பாட்டு எண்ணைச் சொன்னார். மூன்றாவது சரணம் பாடும்போது நாலைந்து பேர் அகாத்தாவின் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று, யார் எத்தனை மணிக்கு வருவது என்று கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் நிலக்கரி இல்லாதவரும் ஒருவர். தன் முறையைப் பேசி முடித்ததும் அவர் மெதுவாக, "எனக்கும் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்று தொடங்கினார்.