மூணு-ரெண்டு பெட்டி

ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் அவரைப் பெட்டிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய பதவிதான். நிலவறை ஸ்டோரிலிருந்து மூன்றாம் மாடிச் சோதனை அறைக்குச் சிப் பெட்டியைத் தூக்கி வர வேண்டும். சோதனை முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் வைக்க வேண்டும். அரை மணி கழித்து அடுத்த சோதனைக்கு அதே பெட்டியை மறுபடி தூக்கி வர வேண்டும். லிஃப்ட் உண்டு, கருவிகளுக்கு மட்டும். பெட்டிக்காரர் கருவி இல்லை என்பதால் அவருக்கு எண்பத்தாறு படி.

எடுத்ததை வேலை முடிந்ததும் எடுத்த இடத்தில் வை என்பது விதி. அதை எழுதியவர் ஜென்மத்தில் படி ஏறியிருக்க மாட்டார் என்பது பெட்டிக்காரரின் கட்சி.

மேலே சோதனை அறை இன்ஜினியரம்மாவுடையது. மனுஷன் மாதிரி படம் பார்த்து, பேச்சுக் கேட்டுப் புரிந்துகொள்ளும் கம்ப்யூட்டர்களுக்குச் சிப் வரைகிறவர். ஒரு நாள் தேநீர் குடிக்கும்போது தன் தலைவலியைச் சொன்னார்.

"கணக்குப் போடறதுக்குக் கொஞ்சூண்டு கரண்டுதான் ஆகுது அண்ணே. அதுக்கு வேண்டிய எண்களைத் தூரத்து மெமரியில இருந்து தூக்கிட்டு வர்றதுலதான் அத்தனையும் போகுது. ஒரே எண்ணை ஆயிரம் தடவை போய்ப் போய் எடுத்துட்டு வருது. அதான் சிப் கொதிக்குது."

"பாவம்ங்க அது," என்றார் பெட்டிக்காரர். இவ்வளவு மனசார அவர் யாருக்கும் இரக்கப்பட்டதில்லை.

"புதுசா ஒண்ணு வரைஞ்சிருக்கேன். ஒரு தடவை கொண்டு வந்ததைப் பக்கத்துலயே வச்சுக்கிட்டு, அதை வச்சு முடிக்க வேண்டியதை எல்லாம் முடிச்சுட்டுத்தான் அடுத்ததுக்குப் போகும். இதுவும் கொதிச்சா என் கடையைக் கட்டிடுவாங்க."

பெட்டிக்காரருக்குக் கடைசி வாக்கியம் காதில் விழவே இல்லை. ஒரு சிப்புக்கு உள்ள நியாயம் தன் முழங்காலுக்கு இல்லையா என்ற யோசனையில் இருந்தார்.

சோதனை அறையை ஒட்டித் துடைப்பம் வைக்கிற சின்ன அறை ஒன்று உண்டு. மறுநாளிலிருந்து பெட்டி அங்கே குடியேறியது. "அண்ணே, மூணு-ரெண்டு கொண்டு வாங்க" என்று குரல் வந்தால் அதற்குள் போவார். கவிழ்த்த வாளிமேல் பத்து நிமிஷம் உட்காருவார். நெற்றியில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு, மூச்சு வாங்கியபடி வெளியே வருவார். முதல் நாள் மூச்சைக் கொஞ்சம் அதிகமாகவே வாங்கிவிட்டார். இன்ஜினியரம்மா பயந்துபோய் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

மூணு-ரெண்டு என்றால் மூன்றாம் அலமாரி, இரண்டாம் தட்டு. அங்கே யாரும் இன்ன சிப் வேண்டும் என்று கேட்பதில்லை. இருக்கிற இடத்தைச் சொல்லித்தான் கேட்பார்கள். சிப்பின் மேல் எழுத்தும் இருக்காது. எது என்ன என்கிற சீட்டு, பெட்டியின் வெளியேதான். பெட்டி வாசலோடு நின்றுவிடும். சிப் மட்டும் ஒரு சின்ன டிரேயில் உள்ளே போகும்.

மூன்று வாரம் மகாராஜா வாழ்க்கை. வீட்டில் மனைவிகூடக் கேட்டாள்: "என்ன, இப்பல்லாம் முனகாம தூங்கறீங்க? வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களா?"

"மூளையை வச்சு வேலை செய்யறேன்டி."

"ஐயையோ, யாரோடதை?"

நான்காம் வாரம் இன்ஜினியரம்மாவின் முகம் நாளுக்கு நாள் சுருங்கியது. புதுச் சிப்பும் தொண்ணூற்றொரு டிகிரி காட்டுகிறது, பழசுக்கு இம்மியும் குறையவில்லை என்றார். ஐயோ பாவம் என்று பெட்டிக்காரர் உச்சுக் கொட்டினார். எந்தப் புதுச் சிப், அதை யார் தூக்கி வந்தது என்று கேட்கிற புத்தி மட்டும் வரவில்லை.

வியாழக்கிழமை மதியம் இன்ஜினியரம்மா சொன்னார்: "நாலு மணிக்கு மேனேஜர் வர்றார். இந்த டிசைனை மூடிடப் போறாங்க. என் சாமானைக் கட்ட நாலு காலி அட்டைப்பெட்டி வேணும் அண்ணே."

காலி அட்டைப்பெட்டிக்குக் குறுக்குவழி கிடையாது. இறங்கினார். ஸ்டோர்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"உசுரோடதான் இருக்கீங்களா? மூணு-ரெண்டுல பழசுக்குப் பதிலா புதுசு வந்து நாலு நாளாச்சு, சீண்ட ஆளில்லை. மேல யாருக்கும் வேண்டாமா?"

பெட்டிக்காரர் மூன்றாம் அலமாரிக்குப் போய்ப் புதுப் பெட்டியின் சீட்டைப் படித்தார். வயதான பிறகு எழுத்து கற்றவர். அந்த மிதப்பில் தெருவில் ஒட்டிய காகிதம் ஒன்றை விடாமல் நின்று படிப்பவர். தினம் மடியில் வைத்திருந்த பெட்டியின் சீட்டைப் படிக்கத் தோன்றவில்லை. இருபத்துநாலு சோதனைக்கும் போனது பழைய சிப்.

புதுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினார். பாதிப் படியில் ஒரு நல்ல யோசனை வந்தது. அவருடைய நல்ல யோசனைகளில் அது இரண்டாவது.

"ஒரே ஒரு தடவை சோதிச்சுப் பாருங்கம்மா. என் மனசு சொல்லுது."

"இருபத்துநாலு தடவை பார்த்தாச்சு அண்ணே. உங்க மனசு சொன்னா டிகிரி இறங்குமா?"

வெளியே மேனேஜரின் செருப்புச் சத்தம் கேட்டது. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் இந்தப் பெண் நாலு அட்டைப்பெட்டியோடு வீட்டுக்குப் போகும். சொல்லிவிட்டார். வாளி உட்பட எல்லாவற்றையும்.

இன்ஜினியரம்மா எழுந்துபோய்த் துடைப்ப அறையைத் திறந்து வாளியைப் பார்த்தார்.

"என் சிப்பும் இதைத்தான் செய்யுது," என்றார். "ஆனா அசல் இடத்துல இருக்கறது மாறிட்டா, பக்கத்துல வச்சிருக்கறது இனி செல்லாதுன்னு அதுக்குத் தெரியறதுக்கு ஒரு ஏற்பாடு வச்சிருக்கேன்."

"எனக்கு அந்த ஏற்பாடு இல்லைங்க. உட்கார மட்டும்தான் ஏற்பாடு பண்ணேன்."

இன்ஜினியரம்மா சிரிக்கவில்லை. புதுச் சிப்பை மாட்டினார். மேனேஜர் வாசலில் நின்றபடியே கடிகாரத்தைப் பார்த்தார். திரையில் நாற்பது, ஐம்பது என்று ஏறிய டிகிரி அறுபத்துமூன்றில் நின்றது. கால் மணி நேரம் ஆகியும் நகரவில்லை.

மேனேஜர் கையிலிருந்த தாளை மடித்துப் பையில் வைத்தார். "டிசைன் இருக்கட்டும்," என்றார். பிறகு பெட்டிக்காரரிடம் திரும்பினார். "அந்த இருபத்துநாலும் எப்படித் தப்பாச்சுன்னு அறிக்கையில வரணும். நீங்களே உங்க கையால எழுதிக் கொடுங்க. வேலையைப் பத்தி அதைப் படிச்சுட்டுச் சொல்றேன்."

பெட்டிக்காரர் மேசை ஓரத்தில் உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினார். எழுத எழுதத்தான் அதில் வருகிற ஆளின் முட்டாள்தனம் அவருக்கே முழுசாக விளங்கியது. மேனேஜர் நின்றபடியே படித்தார். இரண்டாம் பக்கத்தில் வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

"ஒரு மாசம் ஸ்டோர்ல இருங்க," என்றார். "அங்க எது மாறினாலும் உடனே மேல வந்து நீங்கதான் சொல்லணும்."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவைங்க மாறும்?"

"பத்துப் பன்னிரண்டு இருக்கும்," என்றார் இன்ஜினியரம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.