மூன்றாவது பேட்டரி

“பன்னெண்டு புள்ளி ஏழு. நாலுமே தங்கம்கா,” என்றார் மீட்டர்.

அவருக்கு வேறு பெயர் இருந்தது. எந்தப் புகாருக்கும் வோல்ட் மீட்டரைத் தூக்கிக் காட்டியே பதில் சொல்வதால் பேட்டரிக் கடையில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. தன் மூன்று சக்கர மின்வண்டியை அவள் இங்கே கொண்டுவருவது இது ஐந்தாம் முறை. ஒவ்வொரு முறையும் இரவெல்லாம் சார்ஜில் போட்டு, மீட்டரை வைத்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று அனுப்புவார்கள். மூன்றாம் நாள் வண்டி மேம்பால ஏற்றத்தில் நின்றுவிடும்.

தையல் ஆலையில் ஷிஃப்ட் முடிந்து வரும் பெண்களை வீட்டில் விடுவது அவள் வேலை. போன வாரம் இரண்டு முறை அவர்கள் பாலத்தில் இறங்கி நடந்தார்கள். இன்று நான்கு மணிக்கு வண்டி கேட்டில் நிற்காவிட்டால் வேறு வண்டி பார்த்துக்கொள்வதாக ஆலை மேலாளர் சொல்லிவிட்டார். இப்போது மணி மூன்று.

“சும்மா நிக்கும்போது பன்னெண்டு காட்டும்ணே. ஆளை ஏத்தி மேட்டுல போறப்ப பாருங்க.”

“மீட்டர் பொய் சொல்லுமாக்கா?”

“மீட்டர் சொல்லாது. அதைப் பிடிச்சிருக்கிற கை?”

கண்ணாடி அறைக்குள்ளிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார். “ஏம்மா, பிரேக்கை விடாமலே ஆக்ஸிலேட்டரைத் திருகுனா பேட்டரி என்ன பண்ணும்? முதல்ல ஓட்டப் பழகு.”

ஒன்பது வருடமாக வண்டி ஓட்டுகிறவள். அவள் சாவியை எடுத்தாள்.

“ஏறுங்க. நீங்க, அண்ணன், ரெண்டு பேரும். பாலத்தைத் தாண்டிட்டா இனிமே உங்க வாசப்படி மிதிக்கமாட்டேன்.”

“போலாம் சார், நாங்களும் எடைக்கு வர்றோம்,” என்றார்கள், இன்வெர்ட்டருக்குப் பேட்டரி வாங்கக் காத்திருந்த இரண்டு பேர். முதலாளி ஒருவரே இரண்டு ஆள் எடை. வேறு வழியில்லாமல் ஏறினார்.

நான்கு பேட்டரிகளும் பின்சீட்டுக்கு அடியில், ஒன்றோடொன்று கோத்து மாட்டியிருந்தன. வோல்ட் மீட்டரின் கவ்விகளை மூன்றாவதில் மாட்டச் சொன்னாள். தொட்டால் எப்போதும் சுடுவது அதுதான்.

சமதரையில் பன்னிரண்டு. ஏற்றம் தொடங்கியதும் பதினொன்று. பாதி ஏறியதும் வண்டி முனகிக்கொண்டே நகர்ந்து, நின்றது. பின்னால் ஹாரன்கள் அலறின.

“நிக்கறதுக்கு முன்னாடி என்ன காட்டுச்சு?”

மீட்டர் வாய்க்குள் ஏதோ சொன்னார்.

“சத்தமா.”

“ஒம்போது புள்ளி ஆறு.”

“உள்ள ஒரு செல்லு போயிருக்கும்,” என்றார் முதலாளி. “குழாத் தண்ணி ஊத்தியிருப்பே. அதுக்கெல்லாம் வாரண்டி கிடையாது.”

“மூடி மேல இருக்கிறது உங்க கடை சீல். உடைச்சதும் நீங்க, ஒட்டுனதும் நீங்க. அண்ணே, பையிலேருந்து மிதவைய எடுங்க.”

மிதவை என்பது பேட்டரியின் ஒவ்வொரு அறையிலும், அதாவது செல்லிலும், இருக்கும் அமில நீரை உறிஞ்சி அளக்கும் கண்ணாடிக் குழாய். ஈயத் தகடுகள் அமிலம் கலந்த நீரில் நிற்கின்றன. மின்சாரம் எடுக்க எடுக்க அமிலம் தகடுகளுக்குள் போய்விடும். நீர்ப்பாகம் மிஞ்சும், மிதவை தாழும். சார்ஜ் ஏற்றினால் அமிலம் வெளியே வந்து மிதவை உயரும். இதில் வற்றுவது தண்ணீர் மட்டும்தான். அதனால் காய்ச்சி வடித்த தண்ணீரைத் தவிர எதையும் ஊற்றக் கூடாது. பேட்டரியோடு வந்த சிறு புத்தகத்தில் இது தடித்த எழுத்தில் இருக்கிறது. அந்தத் தெருவில் அதைப் படித்தவள் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

மற்ற மூன்றிலும் மிதவை, முழு சார்ஜைக் காட்டும் பச்சைக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றது. ஓட முடியாமல் செத்துக் கிடந்த மூன்றாவதில், அந்தப் பச்சைக் கோட்டையே தாண்டி நின்றது.

“ஆசிட் ஊத்துனீங்களா?”

மீட்டர் முதலாளியைப் பார்த்தார். “மிதவை ஏறவே இல்லக்கா. ஏத்திக் காட்டி அனுப்புன்னாரு.”

“எத்தனை தடவை?”

“நாலு.”

“நாலு தடவை என் வண்டிக்கு விஷம் வச்சிட்டு, என்னை ஓட்டப் பழகச் சொல்றீங்க.”

“சரி, விடும்மா. அந்த ஒண்ணை மாத்தித் தர்றேன்,” என்றார் முதலாளி.

“இது கூட சேர்ந்து ஓடி மத்த மூணும் தளர்ந்து கிடக்கு. அதுங்க நடுவுல புதுசைப் போட்டா அதுவும் ஆறு மாசம் தாங்காது. நாலும் வேணும்.”

“கம்பெனியத்தான் கேக்கணும்.”

அவள் மற்ற இருவரிடம் திரும்பினாள். “நீங்க என்ன வாங்க வந்தீங்க?”

“பேட்டரிதான்,” என்றார் ஒருவர். “இப்ப வாங்கல.”

முதலாளி முகத்தைத் துடைத்துக்கொண்டார். “சரி, நாலும்.”

நான்கு மணிக்கு அவள் போன் அடித்தது. ஆலை மேலாளர். வண்டி எங்கே என்று கேட்டார். அவள் போனை முதலாளி பக்கம் நீட்டினாள். அவர் கையை நீட்டவில்லை. மீட்டர்தான் வாங்கினார்.

“சார், பேட்டரிக் கடையிலேருந்து பேசறேன். வண்டியக் கெடுத்தது நாங்கதான். அவங்க மேல தப்பில்ல.” கொஞ்ச நேரம் கேட்டார். “இன்னிக்கு வேற வண்டில அனுப்பிட்டாராம்க்கா. நாளைக்கு உங்களை வரச் சொல்றாரு. அதுதான் கடைசி வாய்ப்பாம்.”

“அதான் சரியாயிடுச்சே,” என்று முதலாளி இறங்கி நடக்கத் தொடங்கினார்.

“எங்க போறீங்க? தள்ளுங்க.”

நடுவே தடுப்புச் சுவர். வண்டியைத் திருப்ப முடியாது. உச்சி வரை தள்ளி, மறுபக்கம் இறங்கி, சுற்றித்தான் கடைக்குப் போக வேண்டும். நான்கு பேரும் தோள் கொடுத்தார்கள். முதலாளியின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

“நீ இறங்கி ஹேண்டிலைப் பிடிச்சுக்கிட்டு நடந்தா கொஞ்சம் லேசா இருக்கும்மா,” என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே.

அவள் இறங்கவில்லை.