எதிர்மேட்டிலிருந்து எடுத்த படங்கள்

எசெனைப் பனி கொண்டுபோய் ஓராண்டு ஆகப்போகிறது. அவன் அம்மா ஜிபார் இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. நாற்பதாம் நாள் சடங்கைப் பற்றிப் பேச வந்த முல்லாவை வாசலோடு திருப்பி அனுப்பியவள் அவள். உடம்பைக் கண்ணால் பார்க்காமல் மகனைச் செத்தவன் என்று சொல்ல மாட்டேன் என்றாள். ஊரில் யாரும் அவளிடம் வாதாடவில்லை.

குளிர்காலம் வந்தால் வெளியூரிலிருந்து வரும் விருந்தாளிகளை மலைக்கு மேலே கூட்டிப்போய், பனிப்பலகையில் சறுக்கி இறங்க வைப்பது எசெனின் வேலை. அவன் இறங்குவதைப் படமெடுப்பது துமாரின் வேலை. பல குளிர்காலங்களாக அவர்கள் இருவரும் ஒரு ஜோடி. அவன் ஒரு மலையுச்சியில் நிற்பான். பள்ளத்துக்கு இந்தப் பக்கம், எதிர்மேட்டில், இவள் நீண்ட லென்ஸோடு காத்திருப்பாள். வெளிச்சம் சரியாக விழும்போது வாக்கி-டாக்கியில் "வா" என்பாள். அவன் வருவான். இருவரையும் சேர்த்து ஊர் என்னென்னவோ பேசியது. அவர்கள் மட்டும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

அவன் போன அன்று துமார் ஊரில் இல்லை. கரகோல் நகரத்தில் அக்காவுக்குப் பிரசவம். எசெனோடு மேலே போன விருந்தாளி ஒருவரின் பீப்பர் வேலை செய்யவில்லையாம். பனிக்குள் புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டுகிற கருவி அது. எசென் தன்னுடையதைக் கழற்றி அவர் மார்பில் கட்டிவிட்டிருக்கிறான். விருந்தாளி பத்திரமாகக் கீழே வந்து சேர்ந்தார். கடைசியாக இறங்கிய எசெனின் காலடியில் சரிவு உடைந்தது. நீளக் கம்பிகளால் பனியைக் குத்திக் குத்தித் தேடினார்கள். கோடையில் பள்ளத்தின் அடிவரை தேடினார்கள். அவனுடைய ஒரு கையுறை கூடக் கிடைக்கவில்லை.

மறுபடி பிப்ரவரி வந்தது. எசெனின் தம்பி குபாத் துமார் வீட்டுக்கு வந்து, தேநீரைக் குடித்து முடித்தான். பிறகு சொன்னான்.

"எஜே, நான் அந்தச் சரிவுல இறங்கப் போறேன். நீங்க படம் எடுக்கணும்."

அக்காவுக்குச் சொல்கிற அந்த 'எஜே'யில் கெஞ்சல் எதுவும் இல்லை. துமார் முடியாது என்றாள். ஜிபாருக்கு இருப்பது இனி ஒரே பிள்ளைதான் என்றாள்.

"நீங்க வரலேன்னாலும் போவேன். பாக்குறதுக்கு ஒரு ஆள் இருந்தா நல்லதுன்னுதான் கேட்டேன்."

அதற்குமேல் அவளால் மறுக்க முடியவில்லை. புதிதாய் விழுந்த பனி இறுகட்டும் என்று அவனைக் காக்க வைத்தாள். பனியில் குழி வெட்டி, அடுக்குகளைக் கையால் அழுத்திப் பார்த்து, உறுதியாக இருக்கிறது என்று அவள் வாயால் சொன்ன பிறகே அவன் மேலே ஏறினான். அவன் பலகை நடுவில் பிரிந்து இரண்டு சறுக்குக் கட்டைகளாகும். ஏறும்போது அவை கால்களில் இருக்கும். முகடு வரை மெதுவாக வளைந்து போன அவன் தடத்தை அவள் எதிர்மேட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளிச்சம் வந்தது. வாக்கி-டாக்கியை வாயருகே கொண்டுபோனவளுக்கு அந்த ஒரு சொல் வரவில்லை. எத்தனை முறை எசெனுக்குச் சொன்ன சொல். கையை மட்டும் உயர்த்தினாள்.

குபாத் இறங்கினான். தூள் பனி அவனுக்குப் பின்னால் புகைபோல எழுந்தது. அவள் விரல் கேமராவை விட்டு எடுபடவில்லை. பாதிச் சரிவில் அவன் இடதுபக்கம் சாய்ந்து அகலமாய் ஒரு வளைவு போட்டு, ஆர்ச்சா புதர்களைத் தாண்டி, பள்ளத்தில் போய் நின்றான். பனி எங்கும் உடையவில்லை. கீழே அவளைப் பார்த்ததும் பசிக்கிறது என்றான். அவள் முகம் போகும் போக்கைப் பார்த்து, "நான்தான் இறங்குனேன், நீங்க நடுங்குறீங்களே" என்று கேலி செய்தான்.

ஜிபார் வீட்டில் எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டியும் சூடான சூப்பும் இருந்தன. சாப்பிட்டுக்கொண்டே துமார் படங்களை மடிக்கணினியில் பெரிதாக்கிப் பார்த்தாள். அவள் கை அப்படியே நின்றது.

கண் எந்தப் பக்கம் போகிறதோ பலகையும் அந்தப் பக்கம்தான் போகும். பலகையில் ஏறிய முதல் நாளே எல்லோருக்கும் தெரிந்துபோகிற விஷயம் அது. படத்தில் குபாத்தின் பலகை இடதுபக்கம் போகிறது. தலையோ வலதுபக்கம் திரும்பியிருக்கிறது. ஒரு படத்தில் அல்ல, வரிசையாக எல்லாவற்றிலும். அப்படி ஒருவன் இறங்கினால் இரண்டாம் நொடியில் விழுந்திருக்க வேண்டும். வாய் வேறு திறந்திருந்தது. உதடுகள் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு விதமாக இருந்தன.

"யார்கிட்ட பேசிக்கிட்டிருந்த?" என்று கேட்டாள்.

அவன் சிரித்தான். தான் வாயைத் திறக்கவே இல்லை என்றான்; இடதுபக்கத்தைத் தவிர வேறெங்கும் பார்க்கவும் இல்லை என்றான். அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள். அவன் கையிலிருந்த போர்சோக் கீழே விழுந்தது.

அவர்களுக்குப் பின்னால் ஜிபார் வந்து நின்றதை இருவருமே கவனிக்கவில்லை. அவள் படங்களை ஒவ்வொன்றாக நகர்த்தச் சொன்னாள். மகனின் முகத்தை அவள் பார்க்கவில்லை. அந்த முகம் பார்த்த இடத்தைப் பார்த்தாள். எந்தப் படமானாலும் அந்தப் பார்வை போய் முட்டியது ஒரே இடத்தில்தான்: ஆர்ச்சா புதர்களுக்கு மேலே, கறுப்பாய்த் துருத்திக்கொண்டிருந்த ஒரு பாறை.

"அங்கதான் இருக்கான்," என்றாள். "போய் ஆளுங்களக் கூப்பிடு."

போன ஆண்டு எல்லோரும் பள்ளத்தின் அடியில்தான் தேடினார்கள். பாதிச் சரிவிலேயே ஒருவன் தங்கியிருப்பான் என்று யாருக்கும் தோன்றவில்லை. பாறைக்குப் பின்னால் ஒரு ஆழமான வெடிப்பு இருந்தது. கோடை வெயிலும் எட்டாத இடம். பழைய பனி அங்கே கல்லாகியிருந்தது. வெட்டிக்கொண்டே போனவர்கள் ஒரு கட்டத்தில் மண்வெட்டிகளைப் போட்டுவிட்டுக் கைகளால் தோண்டத் தொடங்கினார்கள். எசென் உட்கார்ந்த நிலையில் இருந்தான், எதிர்மேட்டைப் பார்த்தபடி.

மறுநாளே அடக்கம் நடந்தது. ஜிபார் அன்றுதான் அழுதாள். வீட்டுக்கு வெளியே நின்றிருந்த ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ஆனால் துமாரை அந்தப் படங்கள் விடவில்லை. குபாத்தின் உதடுகளை அவள் வரிசையாக வைத்துப் பார்த்தாள். கண்ணாடிக்கு முன் நின்று தன் உதடுகளை அதேபோல் வைத்துப் பார்த்தாள். ஒரு மதியம் அவள் வாயிலிருந்து அந்தச் சொல் தானாக வந்து விழுந்தது. 'வரேன்.' அதுவேதான், மறுபடி மறுபடி. வரேன், வரேன். யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள், குபாத் பதில் சொல்லியிருக்கிறான். கண்ணாடியின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினாள்.

கோடை முழுக்க அதை யாரிடமும் சொல்லவில்லை. நவம்பரில் முதல் பனி விழுந்ததும் குபாத் பலகைக்கு மெழுகு பூசிக்கொண்டு வந்து நின்றான். மறுபடியும் அதே சரிவு. அண்ணன் இறங்கி முடிக்காத மிச்சத்தைத் தான் இறங்க வேண்டுமாம். அப்போதுதான் சொன்னாள்.

அவன் பலகையின் விளிம்பைத் தடவினான்.

"கண்டுபிடிக்கத்தான் கூப்பிட்டிருப்பான். கண்டுபிடிச்சாச்சே," என்றான்.

"நீ என்ன சொல்லியிருக்கேன்னு யோசி. 'பாத்துட்டேன்'னு சொல்லல. 'வரேன்'னு சொல்லியிருக்க."

அந்தச் சரிவுக்கு அவன் பிறகு போகவில்லை. வேறு மலைகளுக்குப் போனான். துமாரும் போனாள். ஆனால் எதிர்மேட்டில் நிற்பதை விட்டுவிட்டாள். சின்ன லென்ஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அவன் கிளம்பியதும் அவன் தடத்திலேயே, அவனை யார் கூப்பிட்டாலும் தனக்கும் கேட்கிற தூரத்தில் இறங்குவாள். அந்தக் குளிர்காலத்தில் அவள் எடுத்த படங்களில் முகமே கிடையாது, முதுகுதான். படங்களை வாங்கும் பத்திரிகைக்காரர்கள் ஏன் என்று கேட்டார்கள். இப்படி எடுப்பதுதான் தனக்குப் பிடித்திருக்கிறது என்று அவள் சொல்லிவைத்தாள்.