தூரத்தில் நிற்பவள்

ரம்பத்தைப் பலகையின் மேல் வைத்துவிட்டு சின்னப்பையன் நிமிர்ந்தார்.

“அண்ணி, அறுத்துடட்டா?”

“அறு. ஐஸ் பொட்டி வேன்லயே வெயில்ல காஞ்சிக்கினு கீது.”

வளர்மதியின் கணவர் கன்னியப்பன் காலையில் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டார். உடலைக் கிடத்தக் கூடம் ஒன்றுதான் இடம். அதை அடைத்துக்கொண்டு அவருடைய பொம்மை ரயில் மேசை. சர்வேயராக இருந்தவர், கூடத்துக்குள்ளேயே மேசையை அடித்தபோது வாசல் அகலத்தை மட்டும் அளக்கவில்லை. ரயிலே இல்லாத உத்திரமேரூரில் பதினெட்டு வருஷம் அதன்மேல் ரயில் ஓடியது. அத்தனை வருஷமும் வளர்மதி சமையலறையில் பாய் விரித்துப் படுத்தாள்.

மகன் வசந்த்குமார் பொம்மைகளைப் பெயர்த்து முறத்தில் போட்டுக்கொண்டிருந்தான். எண்பத்தேழில் ஒரு பங்கு அளவு. ஆறடி ஆள் இரண்டு சென்டிமீட்டர். எல்லாம் அப்பா செய்த, தெரிந்த முகங்கள். பிளாட்பாரத்தில் பையோடு அவனே. பங்க் கடையில் மளிகைக்காரர்.

“சித்தப்பா, நீ கூட கீற. லுங்கியோட.”

“இன்னா கலருடா?”

“பச்ச.”

“அதேதான். அண்ணன் கண்ணு தப்பாது.”

வளர்மதி முறத்தையே பார்த்தாள். ஒருமுறை கணவரிடம் கேட்டிருந்தாள், இதில் நான் எங்கே என்று. “நீயும் கீற, தேடிப் பாரு” என்றார். அவர் ஆபீஸ் போன பகல்களில் துணியால் தூசி தட்டியபடி தேடினாள். பிளாட்பாரத்தில் இல்லை. மேசையின் முன்வரிசையில் அவர்கள் வீடு இருந்தது. அதன் வாசலிலும் யாரும் இல்லை.

“மா! இது நீதான். அந்த மாம்பழக் கலர் பொடவ.”

சுவரோரம், மலை வரைந்த அட்டைக்குக் கீழேயிருந்து எடுத்துக் கொடுத்தான். உள்ளங்கையில் நெல்மணியைவிடச் சற்றே பெரிதாகக் கிடந்தாள்.

“ஏன்டா, எல்லாரும் அம்மாம் பெருசு, நான் மட்டும் இம்மாத்தூண்டு?”

“அது வேற ஸ்கேலுமா. பின்னால வெக்கறத சின்னதா செய்வாரு. அப்பத்தான் தூரத்துல கீறா மாரி தெரியும்.” அவன் குரலில் அப்பாவைப் பற்றிய பெருமை இருந்தது. “சூப்பரா செஞ்சிக்கீறாருல்ல?”

அவள் கையை மூடிக்கொண்டாள்.

“அறுப்பா” என்றாள் சின்னப்பையனிடம்.

மேசை இரண்டாகி வெளியே போனது. பெட்டி உள்ளே வந்தது, தலை தெற்காக. பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழத் தொடங்கினார்கள். தலைமாட்டில் ஓர் இடத்தை விட்டு வைத்திருந்தார்கள்.

“அண்ணி, இங்க வந்து ஒக்காருங்க” என்றார் சின்னப்பையன்.

வளர்மதி சமையலறைப் படியில் உட்கார்ந்திருந்தாள்.

“இருக்கட்டும். இங்கேர்ந்தே தெரியுது.”